ரயத்துவாரியும் நாலு பக்க அசைன்மென்ட்டும்

"உங்கள் ஊரின் வரலாறு பற்றி நான்கு பக்க அளவில் எழுதி வருக." ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைங்க வீட்டுல இருந்தா இந்த அசைன்மென்ட் உங்க வீட்டுக்கும் வந்திருக்கும்.

எங்க அயோத்தியாப்பட்டணம் பக்கம் இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. நேரா ஜெராக்ஸ் கடைக்குப் போறது. "அண்ணா, ஊர் வரலாறு ஒரு செட் எடுத்துக் குடுங்கண்ணா." கடைக்காரர் நெட்டுல தேடி நாலு பக்கம் பிரிண்ட் எடுத்துக் குடுப்பார். ராமர் கதை ஒரு பக்கம், கோதண்டராமர் கோவில் படம் ஒரு பக்கம், சேலத்துலேருந்து எத்தனை கிலோமீட்டர், மக்கள்தொகை எவ்வளவுன்னு ஒரு பக்கம், கடைசியில முடிவுரை. ஜிகினா பேனாவுல தலைப்பு எழுதி, ஸ்பைரல் போட்டா வேலை முடிஞ்சுது. வகுப்புல நாப்பது பேருன்னா நாப்பது பேரு நோட்டுலயும் அதே நாலு பக்கம். டீச்சருக்கும் பாக்க வேண்டிய கட்டு ஏகப்பட்டது இருக்கு, டிக் போட்டு அனுப்பிடுவாங்க.

பிள்ளைங்க மேலயும் டீச்சருங்க மேலயும் குத்தம் சொல்ல வரலைங்க. நம்ம ஊரைப் பத்தி வேற எங்க எழுதி வச்சிருக்காங்கன்னு அவங்களுக்கு யாரும் காட்டினதில்லை. "நம்ம ஊருக்கு என்னங்க வரலாறு? வரலாறெல்லாம் தஞ்சாவூர்லயும் மதுரையிலயும்தான்" அப்படிங்கற நினைப்பு பெரியவங்களுக்கே இருக்கு. அது சரியில்லைங்கறதுக்கு பாடப்புத்தகத்துலேருந்தே ஒரு உதாரணம் காட்டறேன்.

ரயத்துவாரி முறைன்னு பள்ளியில படிச்சது ஞாபகம் இருக்கா? தாமஸ் மன்றோ, 1820, சென்னை மாகாணம். ஒரு மார்க் கேள்வி. ஜமீன்தார்னு நடுவுல ஆள் இல்லாம, உழவர்கிட்ட நேரடியா அரசாங்கமே நிலவரி வாங்கற முறை. 1820ங்கறது மன்றோ சென்னை கவர்னரா வந்து அதை மாகாணம் முழுக்க கொண்டு போன வருஷம். ஆனா அதைச் செஞ்சு பாத்த இடம் எது? நம்ம சேலமும் பாராமகாலும்தான்! 1792ல ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகள்ல இதுவும் ஒண்ணு. கம்பெனி இங்க கலெக்டரா போட்டது அலெக்சாண்டர் ரீடுங்கற பட்டாளத்து அதிகாரியை. அவருக்கு உதவியாளர்களா வந்தவங்களும் பட்டாளத்துக்காரங்களே, அதுல ஒருத்தர் மன்றோ. ஊர் ஊரா நிலத்தை அளந்து, ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை குறிச்சு, உழவர் பேருல கணக்கு எழுதினது அந்த ஏழெட்டு வருஷத்துலதான். இன்னிக்கு நாம பட்டா, சிட்டா, அடங்கல்னு பேசறதுக்கெல்லாம் அந்தக் கணக்கு கிட்டத்து சொந்தம்.

ஆக, நம்ம பிள்ளைங்க மனப்பாடம் பண்ற ஒரு மார்க் பதில், அவங்க தாத்தனுக்குத் தாத்தன் காட்டுல நடந்த விஷயம். அது தெரியாமலேயே பரிட்சை எழுதிட்டு வர்றாங்க. எனக்கு வருத்தமா இருக்கறது இதுதான்.

சரி, எங்க தேடறது? எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். சேலம் ஜில்லாவுக்கு யாருக்கு வேணும்னாலும் ஆகும்.

முதல்ல பாராமகால் ஆவணங்கள். ரீடும் அவர் ஆளுங்களும் எழுதின கடிதம், அறிக்கை எல்லாத்தையும் 1907லேருந்து சென்னை அரசாங்கம் பகுதி பகுதியா அச்சுல கொண்டு வந்தது. நிர்வாகம், நிலவியல், மக்கள், விளைபொருள், வரின்னு தலைப்பு வாரியா பிரிச்சிருப்பாங்க. அந்தக் காலத்துல இந்தப் பக்கம் என்ன விளைஞ்சுது, எதுக்கெல்லாம் வரி போட்டாங்கன்னு தெரியணும்னா இதுதான் இடம்.

ரெண்டாவது, ல ஃபானு எழுதின சேலம் மாவட்டக் கையேடு, 1883. ரெண்டு தொகுதி. முதல் தொகுதி ஜில்லா முழுக்க, ரெண்டாவது தொகுதி தாலுகா தாலுகாவா. நம்ம ஊரைத் தேடறவங்க ரெண்டாவதுல சேலம் தாலுகாவைப் பிரிக்கணும்.

மூணாவது, எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதின சேலம் கெசட்டியர், 1918. ல ஃபானுவை விட ஒழுங்கா அடுக்கின புத்தகம். சாலை, சந்தை, நெசவு, பஞ்சம், நிர்வாகம்னு அத்தியாயம் அத்தியாயமா இருக்கும். பத்தாவது பிள்ளைக்கு ஒரு அத்தியாயம் போதும், நாலு பக்கம் தாராளமா வந்துடும்.

நாலாவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இதுன்னா வெறும் தலை எண்ணிக்கைன்னு நினைச்சுக்கறோம். 1961 கணக்கெடுப்போட சேர்த்து சென்னை மாநிலக் கோவில்களைப் பத்தியும் திருவிழாக்களைப் பத்தியும் தனித்தனித் தொகுதிகள் போட்டாங்க. கோவில் வரிசையில கோயம்புத்தூரும் சேலமும் சேர்ந்து ஒரு தொகுதி.

இதெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கேன்னு கேப்பீங்க. இருக்குதுதான். அங்கதான் அப்பா, அம்மா, மாமா, சித்தப்பாவுக்கெல்லாம் வேலை. ஒரு பக்கத்தை உக்காந்து சேர்ந்து படிச்சு, தமிழ்ல சொல்லிக் குடுத்தா போதும். மொத்தப் புத்தகமும் யாரும் படிக்கச் சொல்லலை :-)

பழைய புத்தகத்தைத் தொடறதுக்கு முன்னாடி பிள்ளைகளுக்கு ரெண்டு விஷயம் சொல்லி அனுப்புங்க.

ஒண்ணு, 'சேலம் மாவட்டம்' அப்படின்னு பழைய புத்தகத்துல இருக்கறது இன்னிக்கு இருக்கற சேலம் மாவட்டம் இல்லை. தர்மபுரி 1965ல பிரிஞ்சுது. நாமக்கல் 1997ல பிரிஞ்சுது. தர்மபுரியிலேருந்து 2004ல கிருஷ்ணகிரி பிரிஞ்சுது. அதனால 1961 மக்கள்தொகையையும் 2011 மக்கள்தொகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு 'சேலம் வளர்ந்ததா, குறைஞ்சதா'ன்னு கணக்குப் போட்டா விடை தப்பா வரும். ஜில்லாவே வேற. இதை ஒரு பிள்ளை அசைன்மென்ட்ல ஒரு வரி எழுதினா, என்னைக் கேட்டா முழு மார்க் போடலாம்.

ரெண்டு, ஊர்ப் பேரு எழுதற விதம். வெள்ளைக்காரங்க காதுல விழுந்த மாதிரி எழுதி வச்சிருப்பாங்க. அயோத்யாபட்னம், அயோதியாபட்டணம்னு நாலஞ்சு விதமா இங்கிலீஷ் எழுத்துல போட்டுத் தேடணும். சங்ககிரி துர்க்கத்தை 'சங்கரி ட்ரக்'னு எழுதியிருப்பாங்க. மருந்துக் கடைன்னு நினைச்சுடக் கூடாது, மலைக்கோட்டைங்க அது!

இப்ப கோவிலுக்கு வரலாம். அயோத்தியாப்பட்டணம்னாலே ராமர் கோவில்தான். இலங்கையிலேருந்து திரும்பற வழியில ராமர் இங்க தங்கினார், பட்டாபிஷேகக் கோலத்துல காட்சி கொடுத்தார், அதான் ஊருக்கு இந்தப் பேருன்னு தலபுராணம் சொல்லுது. இதை அசைன்மென்ட்ல எழுதக் கூடாதான்னா, தாராளமா எழுதலாம். ஆனா 'தலபுராணம் இப்படிச் சொல்கிறது'ன்னு எழுதணும். அதுக்குக் கீழயே 'மண்டபத் தூண்கள் நாயக்கர் கால வேலைப்பாடு'ன்னு தனியா எழுதணும். முதல் விஷயம் மக்கள் நம்பிக்கை. ரெண்டாவது விஷயம் கண்ணால பாக்கற கல்லு. ரெண்டுமே வரலாற்றுக்கு வேணும், ஆனா ஒண்ணை இன்னொண்ணாக் காட்டக் கூடாது. ஒரு ஊர்க்காரங்க தங்களைப் பத்தி என்ன நம்பினாங்கங்கறதும் வரலாறுதானே?

'யாரு சொன்னது, எந்தப் புத்தகம், எந்த வருஷம், எத்தனாவது பக்கம்' இந்த நாலு கேள்விதான் மொத்த அசைன்மென்ட்டோட சாரமே. ஜெராக்ஸ் கடை நாலு பக்கத்துல இந்த நாலுமே இருக்காது. பின்னாடி வாட்ஸப்புல வர்ற 'வரலாறு' எதைப் பாத்தாலும் இந்த நாலு கேள்வியைக் கேக்கற பழக்கம் வந்துட்டா, அந்தப் பிள்ளையை யாரும் சுலபமா ஏமாத்த முடியாது. நாலு பக்கத்துக்கு நான் இவ்வளவு மெனக்கெடச் சொல்றது இதுக்காகத்தான்.

இந்தப் புத்தகமெல்லாம் எங்க கிடைக்கும்? இங்க நூலகத்தோட கதையையும் கொஞ்சம் சொல்லணும்.

விடுதலைக்கு அப்புறம் இந்தியாவுலேயே முதல்ல பொது நூலகச் சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1948ல. அதுக்குப் பின்னாடி நின்னவர் சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாரா இருந்து நூலகத்துக்கு வந்தவர். 1931ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினார், உலகம் முழுக்க இன்னிக்கும் நூலகப் படிப்புல அதைப் படிக்கறாங்க. அந்தச் சட்டத்தோட அழகு என்னன்னா, ஊர் வரியோட சேர்த்து நூலக வரின்னு ஒண்ணு வசூல் பண்ணி அதை நூலகத்துக்கே செலவு பண்றது. நீங்க கட்டற வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு ஒரு வரி இருக்கும். ஆக கிளை நூலகம் நம்ம காசுல நடக்குது. உரிமையோட உள்ள போய்க் கேக்கலாம்.

கிளை நூலகத்துல கெசட்டியர் இருக்காதேன்னா, பெரும்பாலும் இருக்காதுதான். தினத்தந்தியும் போட்டித் தேர்வுப் புத்தகமும்தான் முன்னாடி தெரியும். ஆனா அங்க ஆரம்பிக்கலாம். பேரகராதி, வாழ்க்கை வரலாறு, கலைக்களஞ்சியம்னு அடிப்படைப் புத்தகங்களுக்கு அது போதும். அடுத்த படி சேலத்துல இருக்கற மாவட்ட மைய நூலகம். அங்க குறிப்புதவிப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கும். அந்தப் புத்தகங்களை வீட்டுக்குத் தர மாட்டாங்க, அங்கேயே உக்காந்து குறிப்பு எடுக்கணும். போற பிள்ளை "வரலாறு புக்கு வேணும் சார்"னு கேட்டா பொத்தாம்பொதுவா ஒரு கைகாட்டல்தான் கிடைக்கும். "சேலம் ஜில்லாவுல 1900 வாக்குல நெசவு எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும், கெசட்டியர் இருக்குதுங்களா?" அப்படின்னு கேட்டா நூலகரே எழுந்து வருவார். கேள்வி கூர்மையா இருக்கற அளவுக்குத்தான் பதிலும்.

அதுக்கு மேல போகணும்னா சென்னை. 1896ல திறந்த கன்னிமாரா, எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 2010ல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். ரோஜா முத்தையா கோட்டையூர்ல தனி ஆளா சேத்து வச்ச பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம்தான் இன்னிக்கு அந்த நூலகத்துக்கு ஆதாரம். ஒரு ஊர்க்காரர் குப்பைன்னு தூக்கிப் போடாம வச்சது இன்னிக்கு ஆராய்ச்சியாளர்களுக்குப் புதையல்.

ஒன்பதாவது பிள்ளை சென்னைக்குப் போக முடியுமா? வேண்டியதில்லை. பழைய மாவட்டக் கையேடுகள், கெசட்டியர்கள் பலதும் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்துல ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, இலவசம். தமிழ்ப் புத்தகங்களுக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் இருக்கு. பழைய இலக்கியத்துக்கு 1998லேருந்து மதுரைத் திட்டம் இருக்கு. அதே ஜெராக்ஸ் கடைக்குப் போங்க, ஆனா இந்தத் தடவை கெசட்டியர்ல எந்தப் பக்கம்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. பிரிண்ட் செலவும் குறையும் :-)

தலைப்பு பத்தாதா? சில தலைப்பு தர்றேன். 1882 சேலம் கலவரமும், அந்த வழக்குல தண்டனை வாங்கி மேல்முறையீட்டுல விடுதலையாகி, 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை வகிச்ச விஜயராகவாச்சாரியாரும். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவரா இருந்த வருஷங்கள். 1935ல ஆரம்பிச்ச மாடர்ன் தியேட்டர்ஸ். திராவிடர் கழகம்னு பேரு வச்ச 1944 சேலம் மாநாடு. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டது. ஒவ்வொண்ணும் பஸ்ஸுல போய்ப் பாத்துட்டு வர்ற தூரத்துல நடந்தது. எதுக்குமே ஜெராக்ஸ் கடையில 'ரெடி செட்' கிடையாது.

கடைசியா வீட்டுப் பரண். பழைய கிரயப் பத்திரம், தாத்தாவோட கல்யாணப் பத்திரிகை, தறிக்கணக்கு நோட்டு, பாட்டி வாயால சொல்ற பஞ்சத்துக் கதை. பாட்டி சொன்னதை எழுதறப்ப பாட்டிக்கு இப்ப என்ன வயசு, இது நடந்தப்ப என்ன வயசு, எந்த ஊருன்னு பக்கத்துல குறிச்சுக்கச் சொல்லுங்க. இதுக்குக் கெசட்டியர் பதில் சொல்லாது. கலெக்டர் எழுதின புத்தகத்துல வரி கட்டினவரோட கணக்கு இருக்கும், அவர் கஷ்டம் அவ்வளவா இருக்காது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கறப்பதான் நாலு பக்கம் கட்டுரை உசிரோட இருக்கும்.

மக்களே, ஒரு சின்ன வேண்டுகோள். நாமெல்லாம் ஊர்க்கதை நிறைய எழுதறோம். அடுத்த தடவை எழுதறப்ப கீழ ஒரே ஒரு வரி, 'இது இந்தப் புத்தகத்துல இந்தப் பக்கம்' இல்லேன்னா 'இது எங்க பெரியப்பா சொன்னது'ன்னு போட்டுடுங்க. எப்படியும் ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடையில நம்ம எழுத்தும் பிரிண்ட் ஆகப் போகுது. அந்த வரி இருந்தா, அதைப் படிக்கற பிள்ளை அடுத்த புத்தகத்தைத் தேடிப் போகும்.