பேரிடரில் தகவலும் நிவாரணமே: தொண்டு நிறுவனங்கள் இரு தரப்பினரிடமும் பேச வேண்டியது ஏன்?

பேரிடர் நேரிட்ட சில மணி நேரத்திலேயே தொண்டு நிறுவனங்களின் வேண்டுகோள்கள் வெளிவரத் தொடங்குகின்றன. வங்கிக் கணக்கு எண், தேவைப்படும் பொருட்களின் பட்டியல், களப் புகைப்படங்கள் என அவை பெரும்பாலும் உதவுவோரை நோக்கியே அமைகின்றன. எந்த உதவி, யாருக்கு, எப்போது கிடைக்கும் என்பதைப் பாதிக்கப்பட்டோருக்குத் தெரிவிக்கும் பணி பின்தங்கிவிடுகிறது. இதன் விளைவை குஜராத்தின் கட்ச் மாவட்டம் 2001-ல் நேரில் கண்டது.

அந்த ஆண்டு ஜனவரி 26-ம் தேதி காலை ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பூஜ், பசாவ், அஞ்சார் உள்ளிட்ட நகரங்கள் உருக்குலைந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் லாரிகள் வந்து சேர்ந்தன. ஆனால், சாலையை ஒட்டிய ஊர்களில் பொருட்கள் குவிய, உள்ளடங்கிய கிராமங்கள் காத்திருந்தன. யாரும் கேட்காத பழைய துணிகள் தெருவோரம் கிடந்தன. உதவும் மனத்துக்குக் குறைவில்லை. எங்கே என்ன தேவை என்ற செய்திதான் உரியவரைச் சென்றடையவில்லை.

1998-ல் கட்ச் பகுதியைத் தாக்கிய புயலுக்குப் பின் அம்மாவட்டத் தொண்டு நிறுவனங்கள் இணைந்து 'கட்ச் நவ் நிர்மாண் அபியான்' என்ற கூட்டமைப்பை உருவாக்கியிருந்தன. நிலநடுக்கத்துக்குப் பின் அக்கூட்டமைப்பு, பாலம் எனப் பொருள்படும் 'சேது' என்ற பெயரில் தகவல் மையங்களைத் தொடங்கியது. ஒவ்வொரு மையமும் சுற்றியுள்ள சில கிராமங்களுக்குப் பொறுப்பேற்றது. கிராமத்தின் தேவைகளைத் திரட்டி அரசுக்கும் நிறுவனங்களுக்கும் தெரிவிப்பதும், அரசு ஆணைகளை மக்களுக்கு எளிமையாக எடுத்துரைப்பதும் அவற்றின் பணிகளாக இருந்தன.

இரண்டாவது பணியின் அருமை, வீட்டுக்கான இழப்பீடு வழங்கத் தொடங்கியபோது வெளிப்பட்டது. சேதத்தின் அளவைப் பொறுத்து வீடுகள் தரம் பிரிக்கப்பட்டு, அதற்கேற்பத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. தம் வீடு எந்தத் தரத்தில் சேர்க்கப்பட்டுள்ளது, தவறு இருந்தால் யாரிடம் முறையிடுவது என்பதை அறியாத குடும்பத்துக்கு வர வேண்டிய தொகை கைநழுவிப் போகும். கம்பளியும் அரிசியும் ஈடுசெய்ய முடியாத இழப்பு அது.

2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கு வந்து குவிந்த நிறுவனங்களை ஒருங்கிணைக்க, மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்புடன் தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையம் அமைந்தது. கடலோர ஊர்களில் கிராமத் தகவல் மையங்களும் ஏற்படுத்தப்பட்டன. கட்ச் அனுபவம் இதற்குத் துணைநின்றது.

நன்கொடையாளர்களிடம் உண்மையைச் சொல்வதும் எளிதன்று. அதே சுனாமியின்போது 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு, அப்பணிக்குப் போதிய நிதி சேர்ந்துவிட்டதாக சுமார் ஒரு வாரத்தில் அறிவித்து, இனி வரும் தொகையைப் பிற நெருக்கடிகளுக்கும் பயன்படுத்த அனுமதிக்குமாறு கேட்டுக்கொண்டது. நிதி திரட்டும் மற்ற அமைப்புகள் சில அதனை விரும்பவில்லை. ஆயினும் கொடுப்பவரை மதித்த அறிவிப்பு அதுவே.

இத்தகைய நேர்மைக்கு எழுதப்பட்ட விதியும் உண்டு. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-ல் வகுத்த பேரிடர் நிவாரண நடத்தை நெறியில் பத்து விதிகள் உள்ளன. உதவி பெறுவோர், நிதி தருவோர் ஆகிய இரு தரப்பினருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளதாக ஒன்பதாம் விதி கூறுகிறது. விளம்பரங்களில் பாதிக்கப்பட்டோரைக் கையறு நிலையில் உள்ள பொருட்களாக அல்லாமல் மாண்புள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்பது பத்தாம் விதி. அழும் குழந்தையின் படத்தை முன்வைத்து நிதி கேட்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை.

கைப்பேசி பரவிய பின் வேகம் கூடியது, குழப்பமும் கூடியது. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது மாநில அரசின் மீட்பு இணையதளத்தில் தன்னார்வலர்கள் உதவிக் கோரிக்கைகளைத் தொகுத்து மீட்புப் படையினருக்கு அனுப்பினர். மறுபுறம், தேதியும் நேரமும் இல்லாத வாட்ஸ்அப் செய்திகள், மீட்கப்பட்டவர்களின் பெயரிலும் தொடர்ந்து சுற்றிவந்தன. முல்லைப் பெரியாறு அணையில் விரிசல் என்ற பொய்க் குரல்பதிவு மக்களைப் பீதியில் ஆழ்த்தியது. பதிவிட்ட நேரத்தைக் குறிப்பிடுவது, தேவை நிறைவேறியதும் 'முடிந்தது' என அறிவிப்பது ஆகியன சிறிய ஒழுங்குகளே எனினும், ஒரு படகு வீணாக ஓரிடத்துக்குச் செல்வதைத் தவிர்க்கக்கூடியவை.

இணையம் அனைவரையும் எட்டுவதில்லை. முகாம்களில் ஒலிபெருக்கி, அறிவிப்புப் பலகை, பெண்களுக்கான தனிக் கூட்டம், முதியோரை நேரில் சந்தித்தல் ஆகியவற்றுக்கு இன்றும் மாற்று இல்லை. கட்ச் மாவட்டத்தில் புனரமைப்பு முடிந்த பின்னும் 'சேது' என்ற பெயர் மறையவில்லை. அதே பெயரிலான அமைப்பு ஊராட்சிகளுடன் இணைந்து உள்ளாட்சிப் பணிகளில் ஈடுபட்டு வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது.