இலையின் மீள்தன்மையை அளந்தவர்

சுமைக்கு நேர்விகிதமாக நீட்சி அமையும் என்னும் விதியை றொபேட் ஊக் 1678 இல் வெளியிட்டபோது, அஃது உலோகத்துக்கு மட்டுமன்றி மரம், எலும்பு, பட்டு முதலியவற்றுக்கும் பொருந்தும் என்றே கூறினார். ஆயினும் இலையொன்றின் நார் எத்துணைச் சுமை தாங்கும், எவ்வளவு நீண்டபின்னும் பழைய அளவுக்கு மீளும் என்பவற்றை முறையாக ஆராய்ந்த பெருநூல் தோன்ற ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழிந்தன. 1874 இல் வெளிவந்த அந்நூலின் ஆசிரியர் சைமன் சுவெண்டனர்.

சுவிற்சர்லாந்திற் பிறந்த சுவெண்டனர் (1829–1919) அப்போது பாசல் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்தார். இலைக்கன் என்பது பங்கசும் அல்காவும் கூடிய கூட்டுயிர் என்று முன்னரே உரைத்து, அத்துறை அறிஞர் பலரின் ஏளனத்துக்கு ஆளானவரும் இவரே. பின்வந்த ஆராய்ச்சி இவர் பக்கமே நின்றது.

அக்காலம் இரும்புப் பாலங்களின் காலம். உத்திரமொன்று வளையும்போது ஒரு முகம் இழுபடும், எதிர்முகம் நெருக்குண்ணும், நடுப்பகுதி இரண்டுக்கும் பெரிதும் ஆட்படாது. ஆதலின் பொறியியலாளர் இரும்பை மேலும் கீழும் அகலவைத்து, இடையை ஒடுக்கினர். ஒருவித்திலைத் தாவரங்களின் இலைகளைக் குறுக்காக வெட்டி நோக்கிய சுவெண்டனர், அதே அமைப்பை ஆங்குக் கண்டார். கலன்கட்டின் மேலும் கீழும், இலையின் இரு முகங்களையும் அணுகி, வன்மையான நார்த்தொகுதிகள் நின்றன. பனை, தென்னை, வாழை ஆகியனவும் இவ்வகுப்பைச் சேர்ந்தவையே.

உவமை கூறியதோடு அவர் அமைந்துவிடவில்லை. நார்க்கீற்றுகளில் எடை தொங்கவிட்டு, நீட்சியை அளந்து, எடையை நீக்கியபின் அவை மீள்கின்றனவா என்று நோக்கினார். நியூசிலாந்துச் சணலின் இலைநார் சதுர மில்லிமீற்றருக்கு 20 கிலோகிராம் வரை தாங்கி மீண்டது. இரும்புக் கம்பிக்குரிய அளவு 21.9, உருக்குக்குரியது 24.6. மெல்லிய இலையின் நார் இரும்புக்கு ஏறத்தாழ ஈடாக நின்றமை வியப்பளிப்பதே.

இதனைக் கொண்டு நாரும் இரும்பும் ஒன்றே என்பார் அட்டவணையின் மறுபாதியைப் படியாதவராவர். அவ்வெல்லையை எட்டும்போது இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்கே நீண்டது. இலைநாரோ 13 பங்கு நீண்டது. வகுத்துப் பார்ப்பின், இரும்பின் விறைப்பு நாரின் விறைப்பைப்போல் ஏறத்தாழ 14 மடங்காகும். வலிமையில் அண்மையும் விறைப்பிற் சேய்மையுமே இலைநாரின் இயல்பு. மற்றுமொரு வேறுபாடும் உண்டு. மீளுமெல்லையைக் கடந்தபின்னும் இரும்பு மேலும் பெருஞ்சுமை தாங்கும். நார் அவ்வெல்லையை அடுத்தே அறுந்துவிடும்.

எனினும் உத்திரக் கொள்கைக்கு அடங்காத வினா ஒன்று எஞ்சியது. நண்பகலில் வாடித் தொங்கும் இலை மாலையில் நிமிர்வது எங்ஙனம்? நார் மாறவில்லை, மாறியது நீரே. 1877 இல் வில்ஹெல்ம் பெஃபர் பிரசாரண அமுக்கத்தை அளந்து நூல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ஹியூகோ டி விறீசு, வளரும் தண்டுகளைச் செறிந்த உப்புக்கரைசலில் இட்டு, கலங்கள் நீரிழக்க அவை தளர்ந்து குறுகுவதைக் காட்டினார். நீர் நிரம்பிய கலம் காற்றடைத்த பந்துபோலத் தன் சுவரை இழுத்து விறைப்பிக்கிறது. அறுத்தெடுத்த நாரைச் சோதிப்பவருக்கு இவ்விறைப்பு அகப்படாது. சுவெண்டனரின் அளவைகள் இதனாற் பிழையாகிவிடவில்லை. அவை உயிருள்ள இலையின் ஒரு பாதியையே கூறின. பெஃபர் அதே 1877 இல் பாசலுக்கு வந்து, அவர் விட்டுச்சென்ற பதவியை ஏற்றமை வரலாற்றில் நேர்ந்த சுவையான ஒரு பொருத்தம்.

இவ்விருவரும் இலை எவ்வாறு நிமிர்ந்து நிற்கிறது என்றே ஆராய்ந்தனர். அது வளைந்துகொடுப்பதாற் பெறும் பயனை அமெரிக்கரான ஸ்டீவன் வோகல் 1989 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவர் இலைகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துக் காற்றின் வேகத்தை உயர்த்தினார். அகன்ற தனியிலைகள் பல கூம்பாகச் சுருண்டன. கூட்டிலைகளின் சீறிலைகள் ஒன்றன்மேலொன்று படிந்து ஒடுங்கின. அவ்வாறு ஒடுங்கியமையால், விறைத்து நிற்கும் தகடொன்றைக் காற்று இழுக்கும் அளவுக்கு அவ்விலைகளை இழுக்கவில்லை.