கண்டிப் புகையிரதப் பாதை: பயணிகளும் வருமானமும்

கொழும்பிலிருந்து றம்புக்கனை, கடுகண்ணாவை, பேராதனை வழியாகக் கண்டி நகரை அடையும் இவ்வகலப் பாதை, மக்கள் பிரயாணத்தைக் காட்டிலும் கோப்பி மூட்டைகளைக் கருதியே திட்டமிடப்பட்டதாகும். அதன் பிற்கால வரவுசெலவுக் கணக்கை ஆராய்வோர் இதனை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

மலைநாட்டுக் கோப்பி மாட்டு வண்டிகளில் ஏறிக் கொழும்புத் துறைமுகத்தை அடையக் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவானமையால், தோட்டத் துரைமாரின் ஊக்கத்தின் பேரில் 1845இல் லண்டனில் இலங்கைப் புகையிரதக் கம்பனி ஸ்தாபிக்கப்பட்டது. 1857இல் பொறியியலாளர் கப்டன் மூர்சம் பாதையமைக்க 856,557 பவுண் போதுமென மதிப்பிட, அதனை நம்பி 1858 ஆகஸ்ட் 3ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கிவைத்தார். எனினும் கம்பனியின் பொறியியலாளர் டொய்ன் பின்னர் சமர்ப்பித்த மதிப்பீடு 20 இலட்சம் பவுணைக் கடந்ததாக இருந்தமையால், 1861இல் கம்பனியின் பங்காளிகளுக்குப் பணம் திருப்பியளிக்கப்பட்டு, பொறுப்பு அரசாங்கத்தின் கைக்கு மாறியது. கோப்பி ஏற்றுமதித் தீர்வையை ஆதாரமாகக் கொண்டு, பொறியியலாளர் மோல்ஸ்வர்த்தின் மேற்பார்வையில் ஒப்பந்தக்காரர் பேவியல் வேலையை நிறைவேற்றினார். கண்டியைப் பாதை எய்திய ஆண்டு 1867 என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. மாதத்தை ஏப்ரல் என்பாரும் உளர், ஆகஸ்ட் என்பாரும் உளர். இவ்வளவு விரிவாகத் துரைமாரின் பெயர்களைப் பேணிய ஏடுகள், மண் சுமந்தும் பாறை பிளந்தும் உழைத்த கூலியாட்களுள் பெருந்தொகையினரான தென்னிந்தியத் தமிழர் ஒருவரது பெயரையேனும் எளிதில் காட்டுவதில்லை.

றம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே, அலகல்லை மலைச்சாரலில் ஏறத்தாழ 44 அடிக்கு ஓரடி வீதம் உயரும் ஏற்றமே இப்பாதையின் பெருஞ்சிறப்பும் பெருஞ்செலவுமாகும். நீராவிக் காலத்தில் வண்டிகளுக்கு இங்கே துணை இயந்திரம் பூட்டப்பட்டது. செங்குத்தான பாறையோரத்தில் பள்ளத்தாக்கு திடீரென விரியும் அவ்விடத்தைக் காணவே ஜன்னலோர ஆசனம் வேண்டுவோர் இன்றும் பலர்.

கோப்பி செழித்திருந்த வரையில் பாதை ஆதாயம் ஈட்டியது. 1869இல் தோன்றிய இலைநோயினால் அப்பயிர் அழிந்தபோது, பாதை திறந்த அதே 1867இல் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிடத் தொடங்கிய தேயிலையே காலப்போக்கில் சரக்கேற்றத்தைத் தாங்கியது. மாத்தளைக் கிளை 1880இல் திறக்கப்பட்டது.

மோட்டார் பஸ்களும் லொறிகளும் பெருகியபின் சரக்கு சாலைக்குச் சென்றது. பாதைக்குப் பயணிகளே எஞ்சினர். 1950களில் புகையிரதப் பொது முகாமையாளர் ராம்பாலவின் நிர்வாகத்தில் டீசல் இயந்திரங்களால் சேவை புத்துயிர் பெற்றது. ஆயினும் றம்புக்கனைக்கு மேல் ஒற்றைப் பாதையாதலின், பெரஹெராக் காலத்தில் நிலையம் நிரம்பி வழிந்தாலும் வண்டிகளை விருப்பம்போல் பெருக்குதல் அரிது. பருவகாலச் சீட்டின் சலுகையோ, பேராதனை மாணவருக்கும் உத்தியோகத்தருக்கும் இன்றியமையாதது. சேவையின் நட்டத்திற்கு அச்சலுகையே காரணமென்பாரும், நிர்வாகச் செலவே காரணமென்பாரும் உளர். மேலும், கடுகண்ணாவை ஏற்றத்தின் செலவை அதே வழியாகச் செல்லும் பதுளை வண்டிகளும் பகிர்வதால், கண்டிச் சேவையின் இலாபநட்டத்தைத் தனித்துக் கணித்தல் கடினம்.

கடுகண்ணாவையில் 2014இல் புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2022இல் புகையிரதப் பயணக் கட்டணம் உயர்த்தப்பட்டது. அதன் பின்னரும் புகையிரதத் திணைக்களத்தின் மொத்த வருமானம் செலவுக்குப் போதாமையால், குறையைத் திறைசேரியே ஈடுசெய்து வருகிறது.