வென்ற பொருளும் நீதிமன்றமும்

சூதிலே வென்ற பொருள் செல்லுமா, செல்லாதா என்ற வழக்கு மிகப் பழையது. அத்தினாபுரத்துச் சபையில் திரௌபதி எழுப்பிய வினாவே அத்தகைய வழக்குத்தான். தம்மையே முதலில் பணயம் வைத்துத் தோற்றுவிட்ட தருமருக்கு, அதன்பின் மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டாள். அறத்தின் போக்கு நுண்ணியது என்று கூறிப் பீஷ்மர் தீர்ப்பளிக்காது ஒதுங்கினார். இறுதியில் திருதராட்டிரன், இழந்தவை யாவற்றையும் பாண்டவருக்கு மீட்டளித்தான். கதை கேட்போர் அவ்விடத்தில் ஆறுதல் பெறுவர். ஆனால் துரியோதனன் பக்கம் நின்று நோக்கினால், ஆடி வென்ற பொருள் முழுவதும் ஒரு சொல்லில் இரத்தாயிற்று. அந்த ஆட்டமே நேர்மையானதன்று என்பது வேறு செய்தி.

இன்று வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து மாடிவீட்டிலும், கொட்டாஞ்சேனையில் ஜெம்பட்டா வீதியை ஒட்டிய குடியிருப்பிலும் கைத்தொலைபேசி வழியே இணையச் சூதாட்டம் நுழைந்துவிட்டது. வென்றதாகத் திரையிலே தொகை தோன்றும். அதனை வங்கிக்கு மாற்ற முற்படும்போது, விதி மீறப்பட்டது என்றோ, பொறியில் பிழை நேர்ந்தது என்றோ ஒரு மறுமொழி வரும். தொகை மறைந்துவிடும். அப்பொழுது எழும் கேள்வி பழைய கேள்வியே. வென்ற பொருளைத் தரச்செய்ய வல்லவர் யார்? இதற்கு இந்நாட்டின் சட்ட வரலாறு அளித்துள்ள விடை விசித்திரமானது.

பண்டை இந்திய அறநூலார் இக்கேள்வியைத் தெளிவாகவே ஆராய்ந்தனர். கௌடில்யரின் அருத்தசாத்திரம் சூதாட்டத்தை ஒரே இடத்தில் நிறுத்தி, அதற்கென ஓர் அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது. வேறிடத்தில் ஆடுபவனுக்கு 12 பணம் தண்டம். காய்களை அவ்வதிகாரியே தரவேண்டும். வென்ற பொருளில் நூற்றுக்கு 5 பங்கு அவருக்கு உரியது. அந்நூலில் ஒரு சிறு வாதம் வருகிறது. சூதாட்ட வழக்குகளில் வென்றவனுக்குச் சிறு தண்டமும், தோற்றவனுக்கு அதனிலும் பெருந்தண்டமும் விதிக்க வேண்டுமென்று முன்னைய ஆசிரியர் சிலர் கூறினர். தோல்வியைப் பொறுக்க மாட்டாத மூடனே வழக்காட வருகிறான் என்பது அவர்கள் கருத்து. கௌடில்யர் இதனை மறுக்கிறார். தோற்றவனையே கூடுதலாகத் தண்டித்தால் அரசனிடம் முறையிட எவனும் வரமாட்டான். சூதாடுவோரிற் பெரும்பாலோர் வஞ்சகராயிருக்க, முறையீடும் நின்றுபோனால் வஞ்சகமே மிஞ்சும் என்பது அவர் உட்கொண்ட காரணம். சூதை அவர் புகழவில்லை. முறையீட்டு வாயில் அடைபடலாகாது என்றுமட்டும் கண்டார்.

யாக்ஞவல்கிய ஸ்மிருதி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அரசனுக்குரிய பங்கு செலுத்தப்பட்டு, சூதுக்களரித் தலைவன் முன்னிலையில், பலரறிய ஆடப்பட்ட ஆட்டமாயின், வென்ற பொருளை அரசன் பெற்றுக்கொடுக்க வேண்டும், இல்லையாயின் வேண்டியதில்லை. பங்கு வாங்கியவன் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதே இதன் சாரம். மனுவோ, சூதாட்டத்தையே நாட்டிலிருந்து அகற்றுமாறு அரசனுக்குக் கட்டளையிட்டார். ஒழித்துவிடு என்பது ஒரு நெறி. ஏற்றுக்கொண்டால் முறைப்படி நடத்து என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது ஒன்றை ஐரோப்பியர் கொண்டுவந்தனர். ஆட்டத்தை நடக்க விட்டு, வழக்கை மாத்திரம் கேளாதிருப்பது அது.

கொழும்பு நீதிமன்றங்கள் அமைந்துள்ள புதுக்கடையை ஆங்கிலத்தில் இன்றும் ஓர் ஒல்லாந்தத் தளபதியின் பெயராலேயே அழைக்கின்றனர். 1656இல் கொழும்பு முற்றுகையின்போது உயிரிழந்த ஹுல்ப்ட் என்பவரே அவர். அவர் நாட்டவர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டத்தை, 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயர் தொடர்ந்து வைத்துக்கொண்டனர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த யொகான்னஸ் வூட் என்ற சட்டவறிஞரின் உரைநூல் இலங்கை நீதிமன்றங்களில் பெருமதிப்புடன் எடுத்தாளப்பட்டது. அச்சட்ட மரபின்படி சூதாட்டக் கடனுக்காக வழக்குத் தொடர முடியாது. பணயம் வென்றவன் பணத்தைக் கேட்டு மன்றம் ஏறினால், நீதிபதி அவனுக்குச் செவிசாய்க்க மாட்டார். இங்கிலாந்திலும் 1845ஆம் ஆண்டுச் சட்டம் பணய உடன்படிக்கைகள் யாவும் செல்லாதவை என்று விதித்தது. இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகிறது. எனினும் 500 ரூபாவும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள குதிரைப்பந்தயப் பரிசுக்கான சந்தாவுக்கு அப்பிரிவு விலக்களித்தது. கனவான்களின் பொழுதுபோக்குக்குச் சட்டம் எப்பொழுதும் சற்று இடங்கொடுத்தே வந்திருக்கிறது.

இலங்கையிலும் அந்த வேறுபாடு துலங்கியது. 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பொது இடங்களில் பணயம் வைத்தாடுவதையும் சேவற்போரையும் குற்றமாக்கியது. தெருவில் ஆடியவனைப் பொலிஸார் பிடித்தனர். ஆயின் காலிமுகத்திடலில் நடந்துவந்த குதிரைப்பந்தயம் 1893இல் கறுவாத்தோட்டத்தில் அமைந்த புதிய திடலுக்கு மாறியபோது, சீமான்களும் சீமாட்டிகளும் அங்கே திரண்டனர். (அத்திடலே இரண்டாம் உலகப் போரில் விமானத்தளமாக்கப்பட்டது. 1942 ஏப்பிரல் 5ஆந் திகதி ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது, அங்கிருந்தே பிரித்தானியப் போர் விமானங்கள் எதிர்த்தெழுந்தன.)

நீதிமன்றம் கதவடைத்திருந்த காலத்தில் பந்தயப் பணத்தை எது காத்தது? மானம் காத்தது. பணயக் கடன் மானக் கடன் எனப்பட்டது. இங்கிலாந்தில் டாட்டர்சால் குழு என்ற அமைப்புப் பந்தயப் பிணக்குகளைத் தீர்த்துவைத்தது. அதன் தீர்ப்புக்கு இணங்காதவன் பந்தயத் திடலுக்குள் கால்வைக்க முடியாது. நாலு பேர் அறிந்த ஒருவன் நாலு பேர் முன்னிலையில் வாக்குத் தவறினால் தலைகாட்ட இயலாது என்ற அச்சமே அங்கு சட்டமாயிற்று. எதிராளியின் முகம் தெரிந்திருந்தவரையில் அவ்வேற்பாடு ஒருவாறு செல்லுபடியாயிற்று.

1930இல் குதிரைப்பந்தயப் பணயத்துக்கெனத் தனிக் கட்டளைச் சட்டம் வந்தது. 1956இல் பதவியேற்ற அரசு கொழும்புப் பந்தயங்களுக்கு முடிவுகட்டியது. திடல் ஓய்ந்ததேயன்றிப் பணயம் ஓயவில்லை. இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளின்மேல் கொழும்பிலே பணம் கட்டும் ‘புக்கி’ கடைகள் நகரெங்கும் பெருகின. குதிரையைக் கண்ணால் காணாதவர், அதன் பெயரையும் வாய்ப்பு விகிதத்தையும் பந்தயத் தாளில் ஆராய்ந்து துண்டு எழுதினர். அத்துண்டே சான்று. எழுதியவனும் பணம் கொடுப்பவனும் ஒரே தெருவில் இருந்தனர். பிணக்கு எழுந்தால் கடை வாசலிலேயே தீர்த்துக்கொள்ளப்பட்டது. 1988ஆம் ஆண்டின் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டம் இத்தொழில்களுக்கு அறவீடு விதித்தது. யாக்ஞவல்கியர் இதனைக் கண்டிருந்தால் வியந்திருப்பார். அரசன் தன் பங்கை வாங்கிக்கொண்டான். வென்றவனுக்குப் பொருளைப் பெற்றுக்கொடுப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று.

லொத்தரின் கதை வேறு. 1963இல் நிறுவப்பட்ட தேசிய லொத்தர் சபை அரசின் அமைப்பு. சீட்டில் எண் அச்சாகியிருக்கிறது. சீட்டிழுப்பும் பலரறிய நடைபெறுகிறது. ஆகவே பரிசு கேட்பவனுக்குப் பற்றிக்கொள்ள ஒன்று உண்டு.

எனினும் அச்சான எண்ணும் சிலவேளை கைவிடும். 1992ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் பெப்சி பான நிறுவனம், போத்தல் மூடிகளுக்குள் எண் அச்சிட்டுப் பரிசு அறிவித்தது. மே மாதம் 25ஆந் திகதி 349 என்ற எண்ணுக்குப் பத்து இலட்சம் பேசோ பரிசென்று தொலைக்காட்சியில் கூறப்பட்டது. பிழையினால் அந்த எண் பல இலட்சம் மூடிகளில் அச்சாகியிருந்தது! ஏழை மக்கள் மூடியைக் கையில் ஏந்தித் தொழிற்சாலை வாயிலுக்கு ஓடினர். மூடியிலுள்ள பாதுகாப்புக் குறியீடு பொருந்தவில்லை என்று நிறுவனம் கைவிரித்து, நல்லெண்ணத்தின் பேரில் ஒவ்வொருவருக்கும் 500 பேசோ தருவதாகக் கூறியது. கலகம் மூண்டது, உயிர்களும் போயின. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்து, 2006இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பிழை நிறுவனத்துடையது; இழப்பு மூடி வைத்திருந்தவனுடையது.

இணையச் சூதாட்ட நிலையங்கள் இந்த அனுபவத்தை நன்கு கற்றுக்கொண்டன. அவற்றின் விதிகளில் இரண்டு கண்ணிகள் முக்கியமானவை. முதலாவது, ஊக்கத்தொகை பற்றியது. 10,000 ரூபா இலவசமாக வரவு வைக்கப்பட்டு, அதன் 30 மடங்கு ஆடி முடித்த பின்னரே பணம் எடுக்கலாம் என்று விதி இருப்பதாகக் கொள்வோம். அப்படியாயின் 3 இலட்சம் ரூபாவுக்குப் பணயம் வைத்தாக வேண்டும். இடையே குறித்த உச்சவரம்புக்கு மேலாக ஒரே ஒரு பணயம் வைத்தாலும் வென்றவை அனைத்தும் இரத்தாகலாம். பணம் கட்டும்போது கேட்கப்படாத அடையாளச் சான்றுகள், பணம் எடுக்கும்போது கேட்கப்படுவதும் உண்டு. இரண்டாவது கண்ணி, பிழை பற்றிய விதி. பொறியோ பணியாளரோ தவறினால் பணயம் செல்லாது என்பது அது. நெடுநாள் ஆடுபவருக்கு வழங்கப்படும் விசுவாசப் புள்ளிகளும் இதிலிருந்து தப்புவதில்லை. கூடுதலாக வரவு வைத்துவிட்டோம் என்று ஒரு வரி எழுதினால் போதும், புள்ளிகளும் அவற்றால் பெற்ற பரிசும் திரும்பிவிடும். ஆடுபவர் தவறாக அழுத்தினால் அப்பணயம் மீள்வதில்லை. நிலையம் தவறினால் மாத்திரமே ஆட்டம் பின்னோக்கி ஓடும்.

இந்த ஒருதலைப்பாட்டை அசைத்த முதல் காரணம் ஒரு சட்டத் திருத்தம். இங்கிலாந்து 2005இல் புதிய சூதாட்டச் சட்டம் இயற்றி, 2007 செப்டெம்பர் முதலாந் திகதி முதல் பணய உடன்படிக்கைகளை வழக்காடத்தக்கவை ஆக்கியது. 1845 முதல் அடைபட்டிருந்த கதவு திறந்தது. 2018 ஜனவரியில் ஒருவர் பெட்பிரெட் நிறுவனத்தின் இணைய ஆட்டத்தில் 17 இலட்சம் பவுணுக்கு மேல் வென்றார். மென்பொருட் பிழை என்று கூறி நிறுவனம் பணம் தர மறுத்தது. 2021இல் இலண்டன் உயர் நீதிமன்றம், ஆடுவோர் எளிதிற் காணாவண்ணம் நீண்ட விதிகளுக்குள் புதைந்திருந்த அந்த விலக்கை நிறுவனம் துணைக்கொள்ள முடியாது என்று கண்டு, பணத்தைச் செலுத்தக் கட்டளையிட்டது. மற்றொரு வழக்கில் 2020 ஒக்டோபரில் ஒரு பெண்மணியின் திரையிலே பெரும் பரிசு தோன்ற, பாடி பவர் நிறுவனம் ஏறத்தாழ 20,000 பவுண் மாத்திரம் கொடுத்தது. கணினியில் பரிசுகளை இணைத்தவர் தவறிவிட்டார் என்பது அதன் வாதம். 2025 மார்ச் மாதம் வெளியான தீர்ப்பு, திரையில் தோன்றியதையே நிறுவனம் கொடுக்க வேண்டும் என்றது. எஞ்சிய தொகை 10 இலட்சம் பவுணைத் தாண்டியது. சூதாட்டத்தை வெறுப்பவரும் இத்தீர்ப்புகளின் நியாயத்தை மறுப்பது அரிது. கட்டணம் வாங்கி ஆட்டத்தை நடத்துபவனே தன் கருவியின் பிழைக்கும் பொறுப்பாளி.

இலங்கைப் பாராளுமன்றமும் 2025 ஆகஸ்ட் மாதத்தில் சூதாட்ட ஒழுங்குறுத்துகை அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1889ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துக்கும், குதிரைப்பந்தயப் பணயச் சட்டத்துக்கும், 2010ஆம் ஆண்டின் கசினோச் சட்டத்துக்கும் பதிலாக வந்தது இது. கொழும்புத் துறைமுக நகரமும் இணையவழிச் சூதாட்டமும் இதன் மேற்பார்வைக்குள் அடங்கும். உரிமம் பெற்றவரை அதிகாரசபை விசாரிக்கலாம். ஆனால் வெள்ளவத்தைத் தொலைபேசியில் தோன்றும் நிலையங்கள் பலவற்றின் உரிமம் கொழும்பில் வழங்கப்பட்டதன்று. கரிபியன் கடலிலுள்ள குராசாவோ என்னும் சிறு தீவின் பெயரை அவற்றின் அடிக்குறிப்பில் காணலாம். அதுவும் ஒல்லாந்தக் கம்பனி ஒன்று ஆண்ட தீவே. 1990களிலிருந்து கடல்கடந்த சூதாட்டத்துக்கு உரிமம் வழங்கிவந்த அத்தீவு, ஒரே தலைமை உரிமத்தின் நிழலில் எண்ணற்ற நிலையங்கள் இயங்க இடமளித்தது. தனித்தனி நிலையத்துக்கு நேரடி உரிமம் என்ற புதிய சட்டம் அங்கே 2024 டிசம்பர் 24ஆந் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. புதுக்கடை மன்றத்தின் ஆணை அத்தீவுவரை எட்டாது. கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு அங்கே வழக்காட ஆகும் செலவோ, பெரும்பாலும் வழக்கிட்ட தொகையையே விழுங்கிவிடும்.