சிங்கப்பூரில் சமயப் பன்மையும் மாற்றமும்

730 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் பௌத்தம், கிறிஸ்துவம், இஸ்லாம், தாவோயிசம், இந்து சமயம், சீக்கியம் ஆகியவற்றைப் பின்பற்றுவோரும் எச்சமயத்தையும் சாராதோரும் நெருங்கி வாழும் நகர நாடு சிங்கப்பூர். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2014இல் 232 நாடுகளையும் ஆட்சிப் பகுதிகளையும் ஒப்பிட்டு, சமயப் பன்மையில் சிங்கப்பூருக்கே முதலிடம் தந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகளில் பௌத்தர் 31.1%, கிறிஸ்துவர் 18.9%, முஸ்லிம்கள் 15.6%, தாவோயிசத்தினர் 8.8%, இந்துக்கள் 5.0%. எந்தச் சமயமும் இல்லை என்றோர் 20.0%. பெரும்பான்மைச் சமயம் என்று எதையும் சொல்ல இயலாது.

தோற்றம்

1819இல் பிரிட்டிஷ் வணிகத் தளம் அமைந்ததும் தென்சீனாவிலிருந்தும் மலாய்த் தீவுகளிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்தனர். அன்று கடற்கரையாக இருந்த தெலுக் ஆயர் தெருவில், நல்லபடியாகக் கரை சேர்ந்ததற்கு நன்றியாக ஹொக்கியன் சீனர் கடல்தெய்வம் மாஸுவுக்கு எழுப்பியது தியான் ஹொக் கெங் கோயில். அதே தெருவில் நாகூர் ஆண்டகை நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய தர்கா அக்கோயிலின் கட்டடத்துக்கும் மூத்தது. 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்தது. சற்றுத் தள்ளி சவுத் பிரிட்ஜ் ரோட்டில், 1826இல் சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலும் நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலும் உள்ளன. இவை நான்கும் இன்று 'சைனாடவுன்' எனப்படும் வட்டாரத்துக்குள்ளேயே இருப்பது புதிதாக வருவோரை வியக்க வைக்கும்.

எண்ணிக்கையில் மாற்றம்

1980க்கும் 2020க்கும் இடைப்பட்ட 40 ஆண்டுகளில் நிகழ்ந்த பெரிய மாற்றம் ஏறக்குறைய முழுவதும் சீனச் சமூகத்துக்குள் நடந்தது. மலாய்க்காரர்களில் 98.8 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். இதில் அசைவே இல்லை எனலாம். இந்தியரில் இந்துக்கள் 57.3%, முஸ்லிம்கள் 23.4%, கிறிஸ்துவர் 12.6%. நாட்டு அளவில் இந்துக்களின் பங்கு 1980இல் இருந்த 3.6 விழுக்காட்டிலிருந்து உயர்ந்ததற்குக் காரணம் மதமாற்றமன்று, இந்தியாவிலிருந்து வந்த குடியேற்றம்.

தாவோயிசத்தின் கதை வேறு. 1980இல் சீன மரபு வழிபாட்டையும் சேர்த்து 30 விழுக்காட்டினர் அதைச் சார்ந்திருந்தனர். 2000இல் அது 8.5 விழுக்காடாகச் சுருங்கியது. அதே காலத்தில் பௌத்தம் சுமார் 27 விழுக்காட்டிலிருந்து 42.5 விழுக்காட்டுக்கு ஏறியது. இதை ஒரு சமயம் வீழ்ந்து மற்றொன்று வென்றதாகப் படிப்பது மேலோட்டமானது. பழைய தலைமுறைச் சீனரிடம் சமயம் எதுவென்று கேட்டால் 'பாய் ஷென்' என்பார்கள். 'சாமி கும்பிடுகிறோம்' என்று நம் பாட்டிமார் சொல்வது போலத்தான். புத்தர், குவான் யின், மண்காவல் தெய்வம், முன்னோர் எல்லாம் ஒரே பீடத்தில் இருக்கும். ஆங்கிலக் கல்வி பெற்ற பிள்ளைகளுக்கோ பெயரும் நூலும் கோட்பாடும் உள்ள சமயம் தேவைப்பட்டது. 1984இல் உயர்நிலைப் பள்ளிகளில் சமய அறிவு கட்டாயப் பாடமானபோது விவிலியம், இஸ்லாம், பௌத்தம், இந்து சமயம், சீக்கியம், கன்ஃபூசிய அறநெறி ஆகியவற்றுக்கு இடம் கிடைத்தது, தாவோயிசத்துக்குக் கிடைக்கவில்லை. மதப்பிரசார வேகம் கூடுகிறது என்ற கவலையில் அரசு 1989இல் அத்திட்டத்தைக் கைவிட முடிவெடுத்தது. அதற்குள் ஒரு தலைமுறை பாடம் படித்து முடித்திருந்தது.

பின்னர் பௌத்தமும் இறங்கத் தொடங்கியது. இப்போது வளர்வது சமயமற்றோர் தொகை: 1980இல் 13 விழுக்காடு, 2010இல் 17, 2020இல் 20. சீனரில் மட்டும் இது 25.7%. கிறிஸ்துவமும் 1980இல் சுமார் 10 விழுக்காட்டிலிருந்து வளர்ந்ததுதான். 2010க்குப் பின் அதன் வேகம் தணிந்துவிட்டது.

அரசும் நிலமும்

1950இல், மலாய் முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த மரியா ஹெர்டோக் என்ற டச்சுச் சிறுமியைப் பெற்றோரிடம் ஒப்படைக்க நீதிமன்றம் ஆணையிட்டதை ஒட்டிய கலவரத்தில் 18 பேர் மாண்டனர். 1964 ஜூலையில் நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மூண்ட மோதலில் 23 பேர் இறந்தனர். அரசின் பிற்காலக் கெடுபிடிக்கெல்லாம் இவையே நியாயமாகச் சொல்லப்படுகின்றன. 1990இல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம், பகை மூட்டும் சமயத் தலைவருக்குத் தடையாணை பிறப்பிக்க அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. 2019இல் திருத்தப்படும்வரை ஓர் ஆணைகூடப் பிறப்பிக்கப்படவில்லை. ஆயினும் அச்சட்டம் இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது.

அன்றாடத்தில் சமயங்களை வடிவமைத்தது சட்டத்தைவிட நிலமே என்பது பொருந்தும். வழிபாட்டிடத்துக்கான மனைகள் 30 ஆண்டுக் குத்தகைக்கே கிடைக்கின்றன. கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகள் அகற்றப்பட்டபோது இடமிழந்த சிறு சீனக் கோயில்கள் பல, பணம் திரட்டி ஒரே கூரையின்கீழ் 'கூட்டுக் கோயில்'களாயின. முஸ்லிம்கள் 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதியைத் தொடங்கி, ஊழியர் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகை பிடித்தனர். அதன் முதல் பள்ளிவாசல் 1977இல் தோ பாயோவில் திறக்கப்பட்டது. நிலத்துக்கு அப்பால், இந்துக்கள் ஒரு விடுமுறையையும் இழந்தனர். 1968இல் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது தைப்பூசம் பட்டியலிலிருந்து நீங்கியது. காவடி ஊர்வலத்தில் நேரடி இசைக்கு இருந்த தடை 2016இல் சில இடங்களில் மட்டும் தளர்ந்தது. விடுமுறைக் கோரிக்கை அவ்வப்போது எழுவதும் அரசு மறுப்பதும் தொடர்கின்றன.

எல்லை கடந்த வழிபாடு

வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் யின் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து உள்ளன. குவான் யினை வணங்கிவிட்டு வரும் சீனர் பலர் கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றிச் செல்கின்றனர். லோயாங்கில் உள்ள துவா பெக் கோங் கோயிலில் சீனத் தெய்வங்களோடு பிள்ளையாரும், மலாய்க் காவல் ஆவியாகக் கருதப்படும் தாத்தோவின் 'கெராமாட்' எனப்படும் சன்னதியும் உண்டு. ஆனால் கணக்கெடுப்புப் படிவம் ஒருவருக்கு ஒரு சமயத்தையே பதிவு செய்கிறது.