குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைப் படப்பதிவு

கருப்பைக்குள் நிறைவுறவேண்டிய கண் வளர்ச்சி, முன்கூட்டிப் பிறந்த பிள்ளையில் எப்படித் தொடர்கிறது என்பதைக் கமராவால் பதிந்து கண்காணிக்கும் மருத்துவ முறை. விழித்திரையின் குருதிக்குழாய்கள் கருவின் 16ஆம் வாரமளவில் பார்வை நரம்புத் தட்டிலிருந்து படரத் தொடங்கும். மூக்குப் பக்க ஓரத்தை 36ஆம் வாரமளவிலும் காதுப் பக்க ஓரத்தை 40ஆம் வாரமளவிலும் எட்டும். நிறைமாதப் பிள்ளையில் இப்படர்ச்சி ஏறத்தாழ முடிந்திருக்கும். 28 வாரத்தில் பிறந்த பிள்ளையிலோ ஓரப்பகுதி குழாய்களின்றிக் கிடக்கும். பின்னர் அங்கே குழாய்கள் தாறுமாறாக முளைத்துத் தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடக்கூடும். இதுவே குறைமாத விழித்திரை நோய்.

வரலாறு

1942இல் பொஸ்டன் நகரக் கண் வைத்தியர் தியடோர் டெரி, குறைமாதப் பிள்ளைகளின் வில்லைக்குப் பின்னால் வெண்படலம் படிந்திருப்பதை முதன்முதலில் விவரித்தார். அடுத்த பத்தாண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் பார்வை இழந்தனர். நவீன இன்குபேட்டர் இருந்த செல்வந்த நாடுகளில்தான் பாதிப்பு அதிகம். 1951இல் மெல்பேர்ணின் கேட் காம்பெல், தாராளமாகக் கொடுக்கப்பட்ட ஒட்சிசனே காரணம் என்று சுட்டினார். வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் ஒரு தொகுதிப் பிள்ளைகளுக்கு ஒட்சிசனைக் குறைத்து ஒப்பிட்டுப் பார்க்க முனைந்தார். பிள்ளைகள் மூச்சுக்குத் தவிப்பார்களே என்று அஞ்சிய தாதியர் சிலர் இரவில் அதை மீண்டும் திறந்துவிட்டனர். அவர்களது அச்சம் முற்றிலும் பிழையானதன்று. 1953இல் அமெரிக்காவின் 18 வைத்தியசாலைகள் இணைந்து தொடங்கிய ஆய்வு காம்பெல்லின் கூற்றை உறுதிசெய்தது. ஆனால் எங்கும் ஒட்சிசன் மட்டுப்படுத்தப்பட்டபின் மரணங்கள் கூடின. காக்கப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் ஏறத்தாழ 16 உயிர்கள் பலியாயின என்று 1973இல் கென்னத் குரொஸ் கணித்தார். தேவை அளந்து கொடுத்த ஒட்சிசனும் வேளை தவறாத கண் பரிசோதனையும் என்பது இவ்வாறு பெரும் விலை கொடுத்துக் கற்றது.

1984இல் சர்வதேச வகைப்பாடு வந்தது. அது விழித்திரையை மூன்று வலயங்களாகவும், பிந்திய திருத்தத்தோடு நோயை ஐந்து படிநிலைகளாகவும் பிரித்தது. பார்வை நரம்புத் தட்டைச் சூழ்ந்த உள் வலயத்தில் தோன்றும் நோயே மிகக் கொடியது.

படமெடுத்தல்

பாவை விரியச் சொட்டுமருந்து விட்டு, பிள்ளையைத் துணியில் இறுகச் சுற்றி, நாவில் சீனிக்கரைசல் தொட்டுவைப்பார்கள். இமைகளைச் சிறு கம்பிக் கருவியால் விலக்கி, கருவிழிமேல் களிம்பு தடவி, அதன்மேல் கமராவின் முனையை மெல்லப் பொருத்துவார்கள். ரெட்காம் வகைக் கமரா 130 பாகை அகலத்தை ஒரே படத்தில் பிடிக்கும். தலைக்கவச ஒளியில் பார்த்துக் கையால் வரைந்துவைப்பதைவிட இது மேலானது. சென்ற வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் பக்கத்தில் வைத்து எவரும் ஒப்பிடலாம். கையடக்க ஓசிடி கருவி விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும். நிறைமாதப் பிள்ளையிலும் மையக்குழி பிறந்தபின் பல மாதங்கள் முதிர்கிறது என்பதை இதில் காணலாம். இப்போது கணினியே படங்களைத் தரம்பிரிக்கும் முறைகளும் வந்துள்ளன.

சப்ரகமுவ தோட்டங்கள்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் இறக்குவானை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் பிறக்கும் சிறு பிள்ளைகளுக்கு இரத்தினபுரி, கேகாலை போதனா வைத்தியசாலைகளே பெரிய புகலிடம். தோட்டப்புறத்தில் நிறை குறைந்த பிறப்புகள் நாட்டுச் சராசரியைவிட அதிகம். ஆனால் நிறை குறைந்த எல்லாப் பிள்ளையும் குறைமாதப் பிள்ளை அல்ல. இரண்டையும் பிரித்தறியக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே எடுத்த ஸ்கேன் வேண்டும். இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் அல்லது 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தவர்கள் அனைவரையும் பரிசோதிக்கிறார்கள். அமெரிக்க எல்லை 30 வாரம் அல்லது 1,500 கிராம். தோட்டப் பிள்ளைகளுக்கு அகன்ற இந்திய எல்லையே பொருந்தும்.

பெங்களூர் நாராயண நேத்ராலயா 2008இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர்கள் கமராவோடு கர்நாடக மாவட்டங்களுக்குச் சென்று படமெடுத்து அனுப்ப, வைத்தியர் தொலைவிலிருந்தே தீர்ப்புச் சொல்கிறார். சப்ரகமுவ மலைப்பாதைக்கு ஏற்றது இந்த ஏற்பாடே. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லாத தாய், லயத்திலிருந்து பிள்ளையோடு வாராவாரம் நகரம் இறங்குவது எளிதன்று. நோய் முற்றிய அறிகுறி தெரிந்தால் 72 மணிநேரத்துக்குள் லேசர் அல்லது ஊசிமருந்துச் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பதால், வீடு திரும்பும் நாளிலேயே அடுத்த பரிசோதனைத் திகதி தாயிடமும் தோட்டத்துக்குரிய குடும்பநல உத்தியோகத்தரிடமும் இருக்கவேண்டும்.