நூறு நாள் ஓட்டமும் பேனர் தொழிலும்

தமிழ்த் திரையுலகில் ஒரு நடிகரின் புகழ் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நாள் கணக்கில்தான் அளக்கப்பட்டது. ஒரு படம் ஒரே திரையரங்கில் 100 நாள் தொடர்ந்து ஓடினால் விழா எடுத்துக் கேடயம் வழங்குவதும், 25 வாரத்தைத் தொட்டால் ‘வெள்ளி விழா’ என்று சுவரொட்டியில் அச்சிடுவதும் வழக்கமாக இருந்தன. 1944 தீபாவளிக்கு வெளிவந்த தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்னும் செய்தி, அந்தப் படத்தைப் பார்த்திராத தலைமுறைகளின் வாயிலும் புழங்கியது. படச்சுருளின் பிரதிகள் குறைவாகவும் விலை மிகுந்தவையாகவும் இருந்ததால், விநியோகத்தார் தமிழ்நாட்டைச் சென்னை நகரம், செங்கல்பட்டு, ஆற்காடு, திருச்சி–தஞ்சை, மதுரை–இராமநாதபுரம், கோவை, சேலம் முதலிய ‘ஏரியா’க்களாகப் பிரித்துக்கொண்டு, ஏரியாவுக்குச் சில பிரதிகளை மட்டும் வாங்கினர். அவை முதலில் பெருநகரங்களிலும், பிறகு சிறு நகரங்களிலும், கடைசியாக டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட கூடாரக் கொட்டகைகளிலும் ஓடின. சென்னையில் வெளிவந்த படம் ஒரு சிற்றூரின் கொட்டகைக்கு வந்து சேரும்போது திரையில் கீறல்கள் மழைபோல் விழும் அளவுக்குப் பழசாகியிருந்ததும் உண்டு.

மெதுவாகப் பயணம் செய்த இந்தப் புகழுக்கு, அது தங்கிய ஒவ்வோர் இடத்திலும் ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. சினிமா பேனர், கட் அவுட் ஆகியவற்றைக் கையால் வரைந்த தொழில் இந்தத் தேவையிலிருந்துதான் வளர்ந்தது. அதன் வீழ்ச்சியையும் இந்தப் பொருளாதாரத்தைக் கொண்டே விளக்க வேண்டும். கணினி வந்தது, ஓவியர் போனார் என்ற வழக்கமான விளக்கம் பாதிதான் சரி.

தொடக்க காலத்தில் விளம்பரம் என்பது காதுக்குரியதாகவே பெரிதும் இருந்தது. திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுசென்றதிலிருந்து தொடங்கும் அந்த வரலாற்றில், மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் முழங்க, சிறுவர்கள் பின்தொடர, துண்டு நோட்டீஸ்களை வீசிச் செல்வதே படம் வந்திருப்பதை ஊருக்கு அறிவிக்கும் முறை. 1931இல் ‘காளிதாஸ்’ மூலம் தமிழ்ப் படம் பேசத் தொடங்கி, நடிகர்களின் குரலும் முகமும் தனித்தனியே பெயர் பெற்ற பிறகே பெரிய அளவில் முகத்தை வரைந்து வைப்பதற்குப் பொருள் உண்டாயிற்று. 1948இல் ஜெமினி ஸ்டுடியோ எஸ். எஸ். வாசன் ‘சந்திரலேகா’வைத் தமிழிலும் இந்தியிலும் வெளியிட்டு, நாடு முழுவதும் பெரும் பொருட்செலவில் விளம்பரம் செய்தபோது, விளம்பரச் செலவும் படத் தயாரிப்பின் ஓர் அங்கம் என்பது தொழிலில் உறுதிப்பட்டது.

பேனர் கம்பெனி எனப்பட்டது பெரும்பாலும் ஒரு கூரைக் கொட்டகையும், அதன் முன்னே ஒரு திறந்தவெளியும்தான். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய காடாத் துணிக்கு வெள்ளை பூசி உலரவிட்டு, தயாரிப்பாளர் கொடுத்தனுப்பிய ‘ஸ்டில்’ எனப்படும் நிழற்படத்தின் மீது பென்சிலால் சிறு கட்டங்கள் போட்டு, துணியின் மீது அதே எண்ணிக்கையில் அடிக்கணக்கான கட்டங்கள் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோட்டுருவத்தைப் பெருக்கினர். வேலை படிநிலையாகப் பிரிந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் துணி கட்டி வண்ணம் அரைப்பான். சில ஆண்டுகள் கழித்துப் பின்னணியும் உடையும் தீட்டுவான். எழுத்து எழுதுவதற்குத் தனி ஆள் உண்டு. முகத்தை, அதிலும் கண்ணை, ஆசிரியர் நிலையில் இருந்தவரே தொடுவார். பத்தடி உயர முகத்தை அருகிலிருந்து வரைபவருக்கு மூக்கு எங்கே முடிகிறது என்பதே தெரியாது என்பதால், அவர் அடிக்கடி சாலையின் மறுபக்கம் வரை நடந்து சென்று பார்த்துவிட்டுத் திரும்புவார். கதாநாயகன் முகத்தில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் ஒளிர, வில்லன் முகத்தில் பச்சையும் நீலமும் நிழலாகப் படிந்தன. ஓடும் பேருந்திலிருந்து ஒரு கணம் பார்ப்பவருக்கும் யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது விளங்க வேண்டும் என்ற நடைமுறைத் தேவை இந்த வண்ணங்களில் இருந்தது. கூலி சதுர அடிக் கணக்கில் கிடைத்தது. படம் அரங்கிலிருந்து எடுக்கப்பட்டதும் துணிக்கு மீண்டும் வெள்ளை அடித்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்தினர். ஆகவே அந்த ஓவியங்களில் மிகப் பெரும்பாலானவை அடுத்த ஓவியத்தின் அடியிலேயே மறைந்தன.

துணி பேனர் ஒரு காட்சியை நாற்கரச் சட்டத்துக்குள் அடக்கியது என்றால், கட் அவுட் சட்டத்தையே விலக்கியது. ஒட்டுப்பலகையில் நடிகரின் உருவத்தை வரைந்து, அதன் விளிம்பை ஒட்டியே வெட்டியெடுத்து, பின்னால் சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டி நிறுத்தப்பட்டதே கட் அவுட். 1957இல் ‘வணங்காமுடி’ படத்துக்காக மோகன் ஆர்ட்ஸ் நிறுவனம் நிறுத்திய சுமார் 80 அடி உயரச் சிவாஜி கணேசன் உருவத்தை இத்தொழிலின் பெரும் சாதனையாகத் தொழிலில் இருந்தவர்கள் குறிப்பிடுவர். அடுத்த பல ஆண்டுகளில் மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை, இந்த உருவங்களின் நிரந்தரக் காட்சிக்கூடமாயிற்று. சஃபையர், தேவி, சாந்தி போன்ற அரங்குகளின் வாயிலில் நின்றவை போக, எந்த அரங்கோடும் ஒட்டாமல் சந்திப்புகளில் நின்றவையும் பல. அரசியலும் இதைக் கைக்கொண்டது. திராவிட இயக்கத்தார் மேடையையும் திரையையும் இணைத்துப் பேசியவர்கள் என்பதால், தலைவர்களின் உருவங்களை நடிகர்களின் உருவங்களை வரைந்த அதே கைகளே வரைந்தன. 1990களின் முதற்பாதியில், குறிப்பாக 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி, சாலையோர அரசியல் கட் அவுட்டுகள் திரைப்பட கட் அவுட்டுகளை மிஞ்சி நின்றன.

கட் அவுட்டுக்கு மாலையிட்டுச் சூடம் காட்டிப் பால் ஊற்றும் வழக்கத்தைப் பக்தி மரபின் தொடர்ச்சியாக மட்டும் விளக்கும் எழுத்துகள் ஏராளம். அவை பொய்யல்ல, ஆனால் அந்தப் பாலை யார் வாங்கினார் என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை. ரசிகர் மன்றத்துக்குப் பதிவு எண், தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற அமைப்பு இருந்தது. முதற்காட்சிச் சீட்டுகளை மன்றம் மொத்தமாகப் பெற்று விற்றது. அதில் வந்த பணமும் உறுப்பினர் சந்தாவும் அலங்காரத்துக்குச் சென்றன. வேலையில்லா இளைஞர் ஒருவர் தம் தெருவில் ‘மன்றத் தலைவர்’ என்று அறியப்படுவதற்கு அந்தக் கட் அவுட் காரணமாக இருந்தது. நடிகரின் புகழில் ஒரு துளி அந்தத் தெருவிலேயே செலவழிக்கத்தக்க சில்லறையாக மாறியது என்பதே இவ்வழக்கத்தின் உயிர்.

இந்த அமைப்பு ஒரே அடியில் உடையவில்லை. முதலில் வீடியோ கேசட்டும், 1993 ஏப்ரலில் தொடங்கிய சன் தொலைக்காட்சியும் அதைத் தொடர்ந்த தனியார் அலைவரிசைகளும், திரையரங்குக்கு வெளியே நடிகரின் முகத்தைக் காணும் வாய்ப்பை அன்றாட நிகழ்வாக்கின. பின்னர், சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் உருவாக்கிய ‘கியூப்’ போன்ற எண்மத் திரையிடல் முறைகள் 2000களின் நடுவில் பரவியபோது, படச்சுருள் பிரதிக்கு ஆன பெருஞ்செலவு ஒழிந்தது. ஒரு படத்தை நூற்றுக்கணக்கான திரைகளில் ஒரே நாளில், அதுவும் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, இலண்டன், டொரண்டோ அரங்குகளோடு சேர்த்து வெளியிடலாம் என்றானதும், முதல் வெள்ளி, சனி, ஞாயிறு வசூலே படத்தின் தலையெழுத்தாயிற்று. 2005இல் வெளிவந்த ‘சந்திரமுகி’ சாந்தி திரையரங்கில் 800 நாள்களுக்கு மேல் ஓடியது உண்மை. ஆனால் அது பழைய கணக்கின் கடைசிப் பெரிய பதிவு. மூன்று வாரத்தில் அரங்கை விட்டுப் போகும் படத்துக்கு, பல நாள் உழைத்துக் கையால் தீட்டிய பேனர் கட்டுப்படியாகாது.

அந்த இடத்தைப் பிடித்தது ஃப்ளெக்ஸ். நெகிழித் தாளில் கணினி வழியாக அச்சிடப்படும் இப்பதாகை, ஓரிரு மணி நேரத்தில் தயாராகும்; மழையில் நனைந்தாலும் கெடாது; ஓவியர் தேவையில்லை. பேனர் ஓவியர்களுள் சிலர் சுவர் விளம்பரத்துக்கும், சிலர் கோயில் வண்ணப் பூச்சுக்கும், சிலர் படப்பிடிப்பு அரங்க வேலைக்கும் சென்றனர். கணினி கற்று ஃப்ளெக்ஸ் கடை வைத்தவர்களும் உண்டு. இவர்களைப் பற்றி எழுதுவோர் புலம்பலோடு நிறுத்திவிடுவதால், ஃப்ளெக்ஸ் செய்த சமூக மாற்றம் கவனத்துக்கு வருவதில்லை. திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனைப் புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று எந்த நிகழ்வுக்கும் ஒரு பதாகை என்றானபோது, தமிழ்நாட்டில் முதல் முறையாகச் சாதாரண மனிதரின் முகம் ஆளுயரத்துக்குச் சாலையில் நின்றது. ஒரு சிற்றூர்த் திருமணப் பதாகையின் அமைப்பு இதைத் தெளிவாகக் காட்டும். நடுவே மணமக்கள், மேல் மூலையில் விருப்பமான நடிகரோ, கட்சித் தலைவரோ, சாதித் தலைவரோ, கீழே இரண்டு மூன்று வரிசைகளில் கடவுச்சீட்டு அளவில் நண்பர்களின் முகங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் பட்டப்பெயர். செலவைப் பகிர்ந்துகொள்வது அந்தக் கீழ்வரிசைதான். முகநூலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் ஊர்களுக்கு வந்து சேர்ந்தபோது, தன் முகத்தைப் பொதுவில் வைத்துப் பழகிய ஒரு மக்கள் கூட்டம் அவற்றுக்காக ஏற்கெனவே தயாராக இருந்தது.

நீதிமன்றங்களும் தெருவை நெருக்கின. சென்னையின் விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை 2008இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததும் நகரின் வானத்தை மறைத்த பலகைகள் அகற்றப்பட்டன. உயிரோடு இருப்போரின் படங்களைப் பதாகைகளில் வைக்கலாகாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணை அருகே அரசியல் பிரமுகர் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு வைத்த பதாகை சரிந்து விழுந்து, இருசக்கர வண்டியில் சென்ற இளம் மென்பொருள் பொறியாளர் தண்ணீர் லாரியின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்த பிறகு, முன்னணி நடிகர்கள் சிலரே பதாகை வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டனர்.

இதற்குள் புகழின் எல்லை ஏரியாக்களைத் தாண்டிவிட்டது. 1998இல் ‘முத்து’ படம் ஜப்பானில் வெளியாகி டோக்கியோவில் பெருங்கூட்டத்தைச் சேர்த்தபோது அது ஒரு விநியோகத்தாரின் துணிச்சலால் நேர்ந்த வியப்பாகவே பார்க்கப்பட்டது. 2011 நவம்பர் 16 அன்று யூடியூபில் வெளியிடப்பட்ட ‘கொலவெறி’ பாட்டுக்கு அத்தகைய இடையீட்டாளர் தேவைப்படவில்லை. அது இடம்பெற்ற படம் வெளிவருவதற்குப் பல மாதங்கள் முன்பே, தமிழ் தெரியாத நாடுகளிலும் அப்பாட்டு பாடப்பட்டது. 2016இல் ‘கபாலி’க்காக ஏர் ஏசியா இந்தியா நிறுவனம் தன் விமானம் ஒன்றின் உடலில் ரஜினிகாந்தின் உருவத்தை வரைந்து, வெளியீட்டு நாளில் பெங்களூரிலிருந்து ரசிகர்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. மலேசியத் தமிழரைப் பற்றிய படத்துக்கு மலேசிய மூலதனத்தில் தோன்றிய விமான நிறுவனம் விளம்பரதாரராக அமைந்ததில், கலையுணர்வைவிட வணிகக் கணக்கே மிகுதி.

கணக்கின் அலகும் மாறியது. முன்னோட்டம் வெளியான 24 மணி நேரத்தில் எத்தனை பார்வைகள், எத்தனை விருப்பக் குறிகள் என்பதே இன்றைய ‘நூறு நாள்’. ஒரே சொல்லுக்கு முன்னால் ‘#’ குறி சேர்த்து ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் பதிவிட்டு அதைப் பட்டியலின் மேலே ஏற்றும் செயலை ‘ட்ரெண்ட் செய்தல்’ என்கின்றனர். அந்தச் சொல்தான் ஹேஷ்டேக். நேரத்தை முன்கூட்டியே அறிவித்து, எழுத்துப் பிழையின்றி ஒரே ஹேஷ்டேக்கை இடுமாறு வழிகாட்டி, இரவு முழுவதும் விழித்திருந்து பதிவிடும் ரசிகர் குழுக்களின் உழைப்பு, பசை வாளியோடு விடியற்காலை சுவரொட்டி ஒட்டிய பழைய மன்றத்தாரின் உழைப்புக்குச் சற்றும் குறைந்ததல்ல. அஜித்குமார் 2011இலேயே தம் மன்றங்களைக் கலைத்துவிட்டார். ஆயினும் 2019 முற்பாதியில் இந்தியாவில் அதிகம் பயன்பட்ட ஹேஷ்டேக் அவருடைய ‘விஸ்வாசம்’ என்று அவ்வாண்டு ஆகஸ்டில் ட்விட்டர் நிறுவனம் அறிவித்தது. அந்தப் பட்டியலில் நாடாளுமன்றத் தேர்தல் அதற்கு அடுத்த இடத்தில்தான் இருந்தது. பழைய கணக்கு ‘டி.சி.ஆர்.’ எனப்படும் அன்றாட வசூல் அறிக்கையில், அரங்கு உரிமையாளரின் மேசையில் இருந்தது. அதில் பொய் எழுதினாலும் ஊரில் யாருக்கேனும் உண்மை தெரியும். புதிய கணக்கு அமெரிக்க நிறுவனங்களின் கையில் இருக்கிறது. எந்தப் பார்வை மெய், எந்தப் பார்வை காசு கொடுத்து வாங்கியது என்பதை மன்றத்தார் சோதிக்க வழியில்லை. புகழ் உலகமயமானதில் மிக ஆழமான மாறுதல் இதுவே எனலாம்.

2020 பிப்ரவரியில் நெய்வேலிப் படப்பிடிப்புத் தளத்தில் கூடிய கூட்டத்தின் நடுவே ஒரு வேனின் மீது ஏறி நின்று நடிகர் விஜய் எடுத்த தற்படம், அவ்வாண்டு இந்தியாவில் ட்விட்டரில் மிக அதிகம் மறுபகிர்வு பெற்ற பதிவாயிற்று. கட் அவுட்டில் ரசிகர் கீழே நின்று மேலே பார்த்தார். இப்படத்தில் அவர் தாமே படத்துக்குள் இருக்கிறார், எந்தப் புள்ளி தம் தலை என்று தேடிப் பார்த்துப் பகிர்கிறார். நட்சத்திரம் இல்லாமலேயே புகழ் பெறவும் முடிகிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் அண்டாவில் சமைத்துக் காட்டும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021இல் 1 கோடிச் சந்தாதாரர்களைப் பெற்ற முதல் தமிழ் யூடியூப் அலைவரிசையாயிற்று. மறு ஆண்டு ‘விக்ரம்’ படத்தில் அவர்கள் அவர்களாகவே தோன்றினர். புகழ் திரைப்படத்திலிருந்து ஊருக்கு வந்த பாதை இங்கே எதிர்த்திசையில் திரும்பியது.

ஆனால் இடமற்ற புகழுக்கு இடத்தின் பாதுகாப்பும் இல்லை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தபோது அவற்றுள் டிக்டாக்கும் ஒன்று. திரைப்பட வசனங்களுக்கு வாயசைத்தும் ஆடியும் அதில் இலட்சக்கணக்கில் பின்தொடர்வோரைச் சேர்த்திருந்த சிற்றூர்ப் பெண்களும் கூலித் தொழிலாளர்களும் தம் பெயரை அப்படியே வேறொரு செயலிக்கு மாற்றிக்கொள்ள முடியவில்லை. தம் காணொளிகளைக் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்தவர்கள் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் அவற்றை மீண்டும் ஏற்றி, முதல் சந்தாதாரரிலிருந்து எண்ணத் தொடங்கினர்.